நத்தை பயின்ற நல்லறிஞர் நெல்ஸன் அன்னண்டேல்

சரித்திரம் எழுதப் புகுவோர் முடியுடை வேந்தரையும், போர்முகத்து வென்ற வீரரையும், நாவன்மை படைத்த புலவரையும் தெரிந்தெடுத்து அவர்தம் அருஞ்செயல்களை விரித்துரைத்தல் உலக வழக்கு. சேற்றிலும் பாசியிலும் ஊர்ந்து திரியும் சிற்றுயிர்களை ஆராய்வதிலேயே தம் வாணாளைச் செலவிட்ட ஒருவரின் சரித்திரத்தைக் கேட்க விரும்புவார் மிகச் சிலரே. ஆயினும் அத்தகைய ஒருவரின் வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைக்க நாம் துணிந்தோம். அதற்குக் காரணம் ஒன்று உண்டு. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளில் வாழும் நமக்குக் கப்பலும் நிலக்கரியும் ஆலைப் புகையும் நாள்தோறும் காணும் காட்சிகள். குளமும் கழியுமோ நாளுக்கு நாள் அருகி வருகின்றன. ஒரு பொருள் நிறைந்திருந்த காலத்திலேயே அதனை நுணுகி நோக்கி எழுதிவைத்தவர், அது குறைந்த காலத்து மக்களுக்குச் செய்யும் உதவி எத்துணைப் பெரிது என்பதை இவ்வறிஞரின் வாழ்க்கை நன்கு உணர்த்துகின்றது.

தாமஸ் நெல்ஸன் அன்னண்டேல் 1876-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் அன்னண்டேல் என்பவர் அந்நகரத்துச் சர்வகலாசாலையில் ரணசிகிச்சைப் பேராசிரியராய் விளங்கிப் பெரும்புகழ் படைத்தவர். மைந்தர் ரக்பிப் பள்ளியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டிலுள்ள பேலியல் கல்லூரியிலும் பயின்றார். விலங்குநூலில் அவருக்கிருந்த வேட்கைக்கு நிகராக மக்களின் பழக்க வழக்கங்களை ஆராயும் மானிடநூலிலும் அவருக்கு வேட்கை இருந்தது. எனவே கல்லூரிப் படிப்பு முடிந்ததும் அவர் வீட்டில் அமர்ந்திருக்கவில்லை. 1899-ஆம் ஆண்டில் மலையாத் தீபகற்பத்தின் வடபகுதிக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவொன்றில் சேர்ந்தார். 1901-ஆம் ஆண்டில் ராபின்ஸன் என்னும் நண்பருடன் மீண்டும் அந்நாட்டிற்குச் சென்று, அங்குள்ள மக்களையும் விலங்குகளையும் பற்றி விரிவான குறிப்புகள் திரட்டினார். வட அட்லாண்டிக் கடலிலுள்ள பாரோத் தீவுகளையும் ஐஸ்லாந்தையும் பற்றி அவர் எழுதிய நூல் 1905-இல் வெளிவந்தது. வெப்பநாடும் குளிர்நாடும் ஒருங்கே கண்ட அநுபவம் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது.

1904-ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவை அடைந்தார். ஆங்குள்ள இந்தியப் பொருட்காட்சிசாலையில் ஆல்காக் என்னும் பேரறிஞரின் கீழ்த் துணைத்தலைவராக அமர்ந்தார். நம் சென்னை மக்கள் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையைச் செத்த காலேஜு என்று வழங்குவது போலவே, கல்கத்தா மக்கள் தம் ஊர்ச் சாலையை ஜாதுகர், அஃதாவது மாயவீடு என்று வழங்குவர். ஆல்காக் விலகியபின், 1907-ஆம் ஆண்டில் அன்னண்டேல் அம்மாயவீட்டின் தலைவரானார். தலைமை ஏற்ற அவ்வாண்டிலேயே ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிடுவதற்கென்று இரண்டு வெளியீடுகளைத் தொடங்கினார். செத்த உயிர்களைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வரிசையாக வைப்பதோடு பொருட்காட்சிசாலையின் கடமை முடிந்துவிடாது, உயிருள்ள நாட்டை ஆராய்தலே அதன் உண்மைக் கடமை என்பது அவர் கொண்ட கொள்கை. இக்கொள்கையை நிறைவேற்றுதற்பொருட்டு அவர் அரசாங்கத்தாரிடம் பல ஆண்டுகள் விடாது முயன்றார். அம்முயற்சியின் பயனாக 1916-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாளில் இந்திய விலங்கியல் ஆய்வகம் நிறுவப்பெற்றது. அதன் முதல் தலைவராக அவரே அமர்ந்து, இறக்குமளவும் அப்பதவியில் இருந்தார். இன்றும் அவ்வாய்வகம் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு நடைபெறுகின்றது. நம் சென்னையிலும் அதன் கிளைகள் உள.

அவர் தேர்ந்துகொண்ட துறை நீர்வாழ் சிற்றுயிர்களைப் பற்றியது. பெரிய மீன்களையும் புலி யானைகளையும் ஆராய்வார் பலர் இருந்தனர். குளத்துப் படிக்கட்டில் ஒட்டிக்கிடக்கும் நன்னீர்க் கடற்பஞ்சையும், நீர்ப்பாசியினிடையே வாழும் நுண்ணுயிரையும், சேற்றில் ஊரும் நத்தையையும் பொருட்படுத்துவார் அரியர். அவற்றுள் நன்னீர்க் கடற்பஞ்சு முதலியவற்றைப் பற்றி அவர் இயற்றிய நூல் 1911-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் அவர் கருத்து நத்தைகளின்பாற் பெரிதும் திரும்பிற்று.

நத்தை நம் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. பண்டை இலக்கியங்கள் அதனை நந்து என்று கூறும். ஊமச்சி என்றும் மக்கள் வழங்குவர். மூலநோய்க்கு மருந்தென்று நத்தைக்கறி சமைத்துண்பாரும் நம்மிடையே உளர். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வகையால் ஒன்று முதல் ஆறு வரை பகுத்தபோது நந்தினை ஈரறிவுயிருள் வைத்தார். ஊற்றுணர்வும் சுவையுணர்வும் அதற்கு உண்டு என்பது அவர் கருத்து. இற்றைநாள் ஆராய்ச்சியோ நத்தையின் கொம்படியிற் சிறு கண்கள் இருத்தலையும், நீரின் தன்மையை மோந்தறிதற்குத் தனியுறுப்பு ஒன்று இருத்தலையும் கண்டுள்ளது. மேலும் அவ்வாசிரியர் நீர்வாழ் உயிர்களுள் நந்தின் பெண்பாலை நாகு என்று வழங்கலாம் என விதித்தனர். நம் குளத்து நத்தைகளுட் சிலவற்றில் ஆண் வேறு, பெண் வேறு. மற்றுஞ் சிலவற்றில் ஓருடலிலேயே ஆண்மையும் பெண்மையும் அமைந்துள்ளன. நந்திற்குப் பெண்பாற்பெயர் கூறிய நம் முன்னோர் குளக்கரையில் நின்று கூர்ந்து நோக்கியவர் என்று கொள்ளுதல் மிகையாகாது.

இனி, நம் குளங்களிற் காணப்படும் நத்தைகளைச் சிறிது நோக்குவோம். உருண்டு பெருத்து ஆப்பிட்பழம் போன்ற வடிவுடையது ஒன்று. இதனைப் பைலா என்பர். கல்லூரியில் விலங்குநூல் பயின்ற மாணவர் பலர் அறுத்துப் பார்த்த நத்தை இதுவே. நீரினுள் மூச்சுவிடச் செவுளும், காற்றை உட்கொள்ள நுரையீரல் போன்ற பையும் ஆகிய இரண்டும் இதற்கு உண்டு. கோடையிற் குளம் வற்றினால் இது சேற்றினுட் புதைந்து, ஓட்டின் வாயைக் கெட்டியான மூடியால் இறுக அடைத்துக்கொண்டு, மழை வருமளவும் உறங்கிக் கிடக்கும். மழை பெய்தவுடன் வெளிவந்து, கரையிலுள்ள ஈரமண்ணில் நூற்றுக்கணக்கான வெண்ணிற முட்டைகளை இடும். மற்றொன்று லிம்னியா என்பது. இதற்கு மூடியில்லை, மூச்சுவிடுதற்கு அடிக்கடி நீரின்மேல் வரும், வழுவழுப்பான கூழினுள் முட்டைகளைப் பொதிந்து நீர்ப்பூண்டுகளில் ஒட்டிவைக்கும். மூன்றாவது, வட்டமாகச் சுருண்டு தட்டையாய்க் கிடக்கும் இந்தோப்பிளானார்பிஸ். இதன் குருதி நம் குருதியைப் போன்றே செந்நிறமுடையது. இவையெல்லாம் அரம் போன்ற நாவினாற் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்வன.

கூர்ங்கோபுரம் போன்ற ஓட்டையுடைய சிறுநத்தை ஒன்றும் உண்டு. அதற்கு முதன்முதல் நூன்முறைப்படி பெயரிட்டவர் டென்மார்க்கு தேசத்து ஆட்டோ முல்லர் என்பவர். 1774-ஆம் ஆண்டில் அவர் அதனை விவரித்தபோது அது கிடைத்த இடமாகச் சோழமண்டலக் கரையைக் குறித்தார். இன்று உலகின் பல நாடுகளிலும் பரவியுள்ள அந்நத்தைக்கு நூலறிஞர் குறித்த தாயகம் நம் கடற்கரையேயாம்.

இவற்றினும் வியப்பூட்டுவது வரிநத்தை. ஓட்டின்மீது கருநிற வரிகள் பட்டைபட்டையாக ஓடுதலின் இப்பெயர் பெற்றது. இது முட்டையிடுவதில்லை. தாயின் வயிற்றினுள்ளேயே முட்டை பொரிந்து, குஞ்சுகள் ஓட்டோடு கூடியனவாய்ப் பிறக்கும். ஆணை அறிதற்கும் எளிய அடையாளம் உண்டு. அதன் வலக்கொம்பு இடக்கொம்பினும் தடித்திருக்கும். இவ்வரிநத்தையைப் பற்றி அன்னண்டேலும், அவருடைய துணைவரும் பின்னர் அவ்வாய்வகத்தின் தலைவருமான சூவலும் சேர்ந்து 1921-ஆம் ஆண்டில் நீண்ட ஆராய்ச்சியுரை ஒன்றை வெளியிட்டனர். இந்நாட்டிற் குளந்தோறும் மலிந்து கிடக்கும் எளிய நத்தையொன்றிற்கு எழுபதிற்கு மேற்பட்ட பக்கங்கள்! ஓட்டின் வரிகள் எங்ஙனம் தோன்றுகின்றன, உடலின் விளிம்பிலுள்ள மெல்லிய தோலுக்கும் அவ்வரிகளுக்கும் தொடர்பு யாது, அந்நத்தை எங்ஙனம் வாழ்ந்து இனம் பெருக்குகின்றது என்பவற்றையெல்லாம் அவர்கள் ஆராய்ந்தனர்.

அன்னண்டேலின் முறை யாது என்பதை ஈண்டு விளக்குதல் வேண்டும். அவருக்கு முன்னிருந்தோர் பெரும்பாலும் நத்தையின் ஓட்டை மட்டும் பார்த்து இனம் பிரித்தனர். ஓடு அழகியது, அழியாதது, பெட்டியிலிட்டு நெடுந்தொலை அனுப்புதற்கு எளியது. ஆகவே இந்தியக் குளத்தைக் கண்ணாற் காணாதவரும் இலண்டன் மாநகரில் அமர்ந்து இந்திய நத்தைகளுக்குப் பெயரிட்டனர். அன்னண்டேல் இவ்வழக்கத்தை ஏற்றாரல்லர். ஓட்டினுள்ளிருக்கும் உயிரின் உடலையும், நாவையும், வாய்மூடியையும் ஒப்புநோக்கிய பின்னரே இனம் துணிதல் வேண்டும் என்றும், அது வாழும் நீர் நன்னீரா உவர்நீரா, நிற்கும் நீரா ஓடும் நீரா என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். இம்முறையில் இந்நாட்டு நன்னீர் நத்தையினங்களை முற்றும் திருத்தி வகுக்கும் பெரும்பணியைப் பேணி பிரஷாத் என்னும் இந்திய இளைஞரைத் துணைக்கொண்டு தொடங்கினார்.

இம்முறையின் பயனை அவர் சென்ற ஏரிகளிற் காணலாம். 1912-இல் பாலஸ்தீன நாட்டுத் திபேரியாக் கடலை ஆராய்ந்தார். நம் வேதாகமத்திற் கலிலேயாக் கடல் என்று வழங்கப்பெறும் ஏரி அதுவே. அடுத்து, ஸ்டான்லி கெம்ப் என்பவருடன் ஒடிசாவிலுள்ள சில்கா ஏரியில் இறங்கினார். மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் புகுந்து நன்னீராகவும், கோடையில் கடல்நீர் ஏறி உவர்நீராகவும் மாறும் அவ்வேரியில், எவ்வெவ்வுயிர் எவ்வெம்மாற்றத்தைப் பொறுக்கின்றது என்பதே அவர்கள் வினா. 1915-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய சில்கா ஏரி ஆராய்ச்சி அவர் இறந்த ஆண்டு வரையிலும் தொடர்ந்து வெளிவந்தது. நம் எண்ணூர்க் கழியும் பழவேற்காட்டு ஏரியும் இவ்வியல்பினவே. கொசத்தலையாறு கொணரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே ஏறும் கடல்நீரும் எண்ணூரிற் கலக்கின்றன. ஆதலின் சில்காவைப் பற்றி அவர் கேட்ட வினாக்களெல்லாம் எண்ணூருக்கும் உரியனவாம்.

பின்னர் அவர் ஜப்பானிலுள்ள பீவா ஏரி, சீனத்திலுள்ள தாய் ஏரி, சீயத்திலுள்ள கழி ஆகியவற்றிற்கும் சென்றார். பர்மாவின் ஷான் மலைநாட்டிலுள்ள இன்லே ஏரியில் வரிநத்தையின் இனத்தைச் சேர்ந்த புதுவகை நத்தைகளைக் கண்டு, 1918-இல் அவற்றிற்குத் தாயியா என்று பெயரிட்டார். ஓட்டின்மேல் மேடும் முகிழும் நிறைந்த நத்தைகள் அவை. அருகிலுள்ள வற்றிப்போன ஏரிப்படுகைகளில் அவற்றின் முன்னோர்களின் ஓடுகளும் கிடைத்தன. ஓட்டின் அணிகள் தலைமுறைதோறும் எங்ஙனம் மாறின என்னும் வினா அவரை வாணாளின் இறுதி வரை விடாது பற்றியிருந்தது.

நத்தையாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று என்பதை முதல் உலகப்போர் உலகிற்கு அறிவித்தது. எகிப்து தேசத்தில் மக்களை வருத்தும் பில்ஹார்சியா என்னும் நோய்ப்புழு, நன்னீர் நத்தையினுட் புகுந்து வளர்ந்த பின்னரே நீரின் வழியாக மனிதவுடலிற் சேர்கின்றது என்பதை 1915-இல் லைப்பர் என்பவர் நிறுவினார். போர் முடிந்து இந்தியச் சிப்பாய்கள் அந்நாடுகளிலிருந்து திரும்பியபோது, அவர்களோடு அந்நோயும் வந்து நம் குளத்து நத்தைகளிற் குடிபுகுமோ என்னும் அச்சம் பிறந்தது. அதற்கு விடையளிக்க வேண்டுமாயின் எந்தக் குளத்தில் எந்த நத்தை உளது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவைத் தந்தவர் அன்னண்டேலும் அவர்தம் குழுவினருமே. கெம்பும் கிரேவ்லியும் இதுபற்றி ஆராய்ந்து 1919-இல் அறிக்கை வெளியிட்டனர். நத்தைகளினுள் வாழும் புழுக்களின் இளம்பருவங்களைச் சூவல் 1922-இல் விரித்தெழுதினார். நற்பேறாக அந்நோய் இந்நாட்டில் எங்கும் பரவவில்லை. பிற்காலத்தில், 1952-ஆம் ஆண்டில், இரத்தினகிரி மாவட்டத்துக் கிம்வி என்னும் சிற்றூரில் மட்டும் மனிதரிடத்து அஃது ஒருசிறிது காணப்பட்டது.

ஆனால் நம் மாடுகளோ அங்ஙனம் தப்பவில்லை. மாட்டின் மூக்கினுட் கட்டியெழுப்பிக் கொறட்டைவிடச் செய்யும் நோயின் புழுவை 1933-ஆம் ஆண்டில் எம். ஏ. என். ராவ் என்னும் நம் நாட்டறிஞர் விவரித்தார். மேற்கூறிய தட்டைநத்தையே அப்புழுவிற்கு இடைத்தங்கல் வீடாகின்றது. மாடு நீருண்ணும் குளத்து நத்தையை அறியாதவன் மாட்டின் நோயையும் அறியான்.

அன்னண்டேலின் மற்றொரு பெருங்குணம், இளைஞரைத் தேடிக் கண்டெடுத்து வளர்த்தது. 1919-ஆம் ஆண்டில் லாகூர்க் கல்லூரியொன்றிற்கு அவர் சென்றிருந்தபோது சுந்தர்லால் ஹோரா என்னும் மாணவரைக் கண்டு, தம் ஆய்வகத்திற்கு வருமாறு அழைத்தார். அம்மாணவர் பின்னர் மீனாராய்ச்சியில் உலகப்புகழ் எய்தினார். பிரஷாதும் ஹோராவும் பிற்காலத்தில் அவ்வாய்வகத்தின் தலைவர்களாயினர். மனிதரின் உடலளவுகளைப் பற்றித் தாம் திரட்டிய கணக்குகளை அன்னண்டேல் மஹலநோபிஸ் என்னும் இளம் பேராசிரியரிடம் ஒப்புவித்தார். நம் நாட்டுப் புள்ளியியல் நூலுக்கு அஃது ஒரு தொடக்கமாயிற்று. ஆளுவோர் ஆளப்படுவோரின் தலையையும் உடலையும் அளந்து இனம் பிரித்த அக்காலத்து மானிடநூலை இன்று நாம் போற்றுதற்கில்லை. அக்குறை அன்னண்டேலிடத்தும் இருந்தது. ஆயினும் தாம் திரட்டியதைத் தமக்கென்று பூட்டிவையாது இந்நாட்டு இளைஞர் கையில் தந்த பெருந்தன்மையையும் நாம் மறத்தல் ஆகாது.

சென்னைக்கும் அவருக்கும் தொடர்பு இல்லாமற் போகவில்லை. அவரிடம் கல்கத்தாவிற் பணிபுரிந்த கிரேவ்லி 1920-ஆம் ஆண்டில் நம் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையின் தலைவராக வந்து, இருபது ஆண்டுகள் இருந்தார். சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் சங்கு சிப்பி முதலியவற்றைப் பற்றிய அவர்தம் நூல்கள் 1941-ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் வெளிவந்தன. கிரேவ்லிக்கு முன் அச்சாலையின் தலைவராயிருந்த ஹெண்டர்ஸன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் உயிர்நூற் பேராசிரியராய் இருந்தவர். கல்லூரிக்கும் குளக்கரைக்கும் இடையே அன்று நல்ல வழியொன்று இருந்தது என்பது இதனாற் புலனாகும்.

1924-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பெங்களூரிற் கூடிய இந்திய விஞ்ஞான மகாசபையில் அன்னண்டேல் தலைமை வகித்தார். மூன்று மாதங்களே சென்றன. ஏப்ரல் மாதம் 10-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 47. அவர் தொடங்கிய நத்தையாராய்ச்சியைப் பிரஷாத் தொடர்ந்தார். பைலா நத்தையின் உடலமைப்பைப் பற்றிய அவர்தம் விரிவுரை 1925-இல் வெளிவந்தது. அன்னண்டேல் தேடிச் சேர்த்த பொருள்களுக்கும் பிற்காலத்தில் இடுக்கண் நேர்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், ஆய்வகத்துப் பொருள்கள் காசிக்குக் கொண்டுபோகப்பட்டன. மறு ஆண்டில் வருணா நதியின் வெள்ளம் புகுந்து அவற்றுட் பலவற்றைக் கெடுத்தது. குப்பிகள் அழிந்தன, ஏடுகளில் எழுதப்பட்டது எஞ்சி நின்றது.

இவ்விடத்தில் நம் ஊரை நினைத்தல் வேண்டும். எண்ணூரில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழியிற் படிந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தின்போது எண்ணெய்க் கசிவு கழியெங்கும் பரவி, செம்படவரின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அண்மைக்காலத்தில் காக்கா ஆழி என்று அவர்கள் பெயரிட்டு வழங்கும் அயல்நாட்டுச் சிப்பியொன்று கழியின் அடித்தரையைப் பாய்விரித்தாற்போல் மூடி, இறாலும் மட்டியும் வாழ இடமின்றிச் செய்கின்றது. தென்னமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த உயிர் அது. அதன் கேட்டை உணர்ந்து முறையிட்டவர், கழியில் இறங்கிக் கையால் இறால் தடவும் மக்களே. அவர்கள் காலும் கையும் அறிந்ததை ஏட்டில் எழுதிவைத்தார் மிகச் சிலர். அடையாறு முதலிய உவர்நீர்களின் உயிர்களைப் பணிக்கரும் கோபாலையரும் 1937-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தனர். ஆதலின் அங்கு இழந்தது யாது என்பதை ஓரளவு கணக்கிடலாம். எழுதப்படாத குளம் தூர்ந்துவிட்டாலோ, இழந்தது யாதென்று சொல்லவும் நமக்கு நாவெழாது. கணக்கில்லாத இழப்பிற்கு வழக்காடுவது எவ்வாறு?

ஆகவே அன்னண்டேலின் வாழ்க்கையிலிருந்து நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. அரிய பொருளைத் தேடி ஓடுவார் பலர். மலிந்த பொருளை மலிந்திருக்கும்போதே மதித்து எழுதுவார் சிலர். அச்சிலருள் அவர் தலைநின்றார். திருவொற்றியூர்க் கோயிற்குளமாயினும் ஆகுக, மாதவரத்து ஏரியாயினும் ஆகுக, மணலியின் ஓரத்தில் எஞ்சிய சிறு குட்டையாயினும் ஆகுக. நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நீர்நிலையைத் தமதாக்கிக்கொண்டு, அதில் எத்தனை வகை நத்தை உள, எம்மாதத்தில் முட்டையிடுகின்றன, நீர் எவ்வளவு வற்றுகின்றது என்று ஆண்டுதோறும் குறித்து வருதல் கூடும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; ஒரு குறிப்பேடும், முழங்காலளவு சேற்றில் இறங்கும் மனமும் போதும். தமிழ் பயில்வோராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. நந்து, நாகு, ஊமச்சி, மட்டி, ஆழி என்று நம் மக்கள் இட்ட பெயர்களைப் பொருளோடு சேர்த்து எழுதிவைத்தல் நம் கடமையன்றோ? பொருள் மறைந்தபின் பெயர் அகராதியிற் கிடந்து யாது பயன்?

அயல்நாட்டிற் பிறந்து நம் நாட்டுக் குளக்கரைகளில் அலைந்து, நத்தையின் ஓட்டு வரிகளையும் எண்ணியெழுதிய அவ்வறிஞர் கல்கத்தாவில் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்தது. அவர் எழுதிய ஏடுகளை இன்றும் ஆராய்ச்சியாளர் புரட்டுகின்றனர். நம் ஊர்க் குளங்களைப் பற்றி நூறாண்டின் பின் வருவோர் புரட்டிப் பார்க்க, நாமும் சில ஏடுகளை எழுதிவைப்போமாக.